சித்தாளுக்கு வகுப்பு, மேஸ்திரிக்கு விடுமுறை

பெரிய கட்டுமான நிறுவனங்களின் வளாகத்தில் காலை எட்டு மணிக்கு முன்பே ஒரு வகுப்பு நடந்து முடிந்துவிடும். அன்று புதிதாகச் சேர்ந்தவர்களைத் தகரக் கொட்டகையில் உட்காரவைத்து, தலைக்கவசம், உயரத்தில் வேலை, கிரேன் என்று வரிசையாகச் சொல்லிவரும் சேஃப்டி ஆபீசர், மின்சாரத்துக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குவார். வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர் என்றால் என்ன, எந்த நிற ஒயர் எதற்கு, ஷாக் அடித்தவரை எப்படி மீட்பது என்று படங்கள் ஓடும். கருகிய கை ஒன்றின் படம் வந்ததும் கொட்டகையில் பேச்சு நிற்கும். பிறகு பதிவேட்டில் கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்குக் கைநாட்டு, கேட் பாஸ். மின்சாரத் தகுதி இல்லாத தொழிலாளிக்கு அடிப்படை மின் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாயிற்று.

இப்படிப்பட்ட பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அது என்ன செய்கிறது என்று யாரும் உரசிப் பார்ப்பதும் இல்லை. அந்த வேலையைத்தான் இங்கே செய்ய நினைக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: இந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர், உட்காராதவரைவிட உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவரா?

முதலில் ஆட்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சென்ட்ரிங் அடிப்பவர், கம்பி கட்டுபவர், கொத்தனார், சித்தாள், பெயின்டர், டைல்ஸ் ஒட்டுபவர், பேனர் கட்டுபவர். இவர்களில் யாரிடமும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று கிடையாது; கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுகூட எழுதாதவர்கள். ஆனால் வைப்ரேட்டர், கட்டிங் மிஷின், டிரில், நீர் இறைக்கும் மோட்டார் என்று நாள் முழுக்க மின்சாரத்தோடுதான் இவர்களுக்கு வேலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் காலப் பதிவுகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். வயலில் மோட்டார் போடப் போனவர், குளியலறையில் ஹீட்டரைத் தொட்டவர், சாரத்தில் நின்ற பெயின்டர் எல்லாரும் அந்த ஒரே கணக்கில்தான் வருகிறார்கள்.

இனி உடம்பின் கணக்கு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவுக்கு மேல் பிடியை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பலருக்குக் கை விரல்கள் தாமாகவே இறுகிவிடும். ஆண்களுக்குச் சராசரி 16 என்று அவர் கணக்கிட்டார், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்குகிறது. ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கிற ஒருவரின் உடல், மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் ஆயிரம் ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அறுபது வாட் குண்டு பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர் தேவை. ஆளைக் கொல்லும் மின்சாரம் அதைவிடக் குறைவு. சுவிட்ச் போர்டில் இருக்கும் எம்.சி.பி. ஆறு ஆம்பியரோ பதினாறு ஆம்பியரோ தாண்டினால்தான் விழும். ஒயர் எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. பல்பு எரிகிறதா, ஆள் சாகிறாரா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. “பிரேக்கர் இருக்கே, என்ன பயம்?” என்று எந்த வேலையிடத்திலும் காதில் விழும் பேச்சுக்கு இதுதான் பதில். எனக்குத் தெரிந்து, பயிற்சிப் படங்களில் மிக அரிதாகவே இதைச் சொல்கிறார்கள்.

சரி, படித்த கை மட்டும் இறுகாமல் இருக்குமா? இருக்காது. மின்சாரம் கசிகிற டிரில்லைப் பிடித்த கணத்தில் ஓமின் விதி தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான். அந்தக் கணத்தில் காக்கக்கூடியது ஆர்.சி.டி. என்கிற கசிவுத் துண்டிப்பான் மட்டுமே. போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிற மின்சாரத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அது இணைப்பை அறுத்துவிடும். 230 மில்லி ஆம்பியர் என்றால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். டால்சீல் தம் அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியது பாடத்திட்டம் இல்லை. ஐந்து மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் இத்தகைய கருவியை 1961-இல் அவர் வடிவமைத்தார். அமெரிக்கக் கட்டுமான இடங்களில் 1970-களிலேயே அது கட்டாயமானது. பிரிட்டனில் இன்னொரு வழியை எடுத்தார்கள். அங்கே கட்டுமான இடத்தில் கைக்கருவிகள் 110 வோல்ட்டில் ஓடும். மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபார்மரின் நடுப்புள்ளியை மண்ணோடு இணைத்திருப்பதால் ஒருவர் எதைத் தொட்டாலும் மண்ணுக்கும் அவருக்கும் இடையே 55 வோல்ட்டுக்கு மேல் வராது. அந்த நாடுகளிலும் தகுதியற்ற தொழிலாளிக்கு மின் பாதுகாப்பு வகுப்பு உண்டு, சட்டமே கேட்கிறது. ஆனால் அங்கே வகுப்பு, கருவி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நடக்கிறது. வகுப்பில் தூங்கியவரும் பிழைத்துக்கொள்வார்.

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 விதிகளும் நிலக்கசிவுக் காப்புக் கருவியைக் கேட்கின்றன. நடப்பில் என்ன? “அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க, அதான் டைரக்ட் கொடுத்தாச்சு.” கருவி அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடுவதைவிடக் கருவியைக் கழற்றுவது சீக்கிரம் முடிகிற வேலை.

சொந்த வீடு கட்டும் இடம் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தால் வகுப்பின் எல்லை புரியும். பாத்ரூமுக்கு டைல்ஸ் வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மூன்று பின் டாப்பை எப்போதோ வெட்டி எறிந்துவிட்டார்கள். ஒயரின் முனையைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டைகளில் திணித்து, நழுவாமலிருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சி செருகியிருக்கிறது. எர்த் ஓட்டை காலி. இரண்டு கோர் ஒயர் போதவில்லை என்று நடுவில் ஓர் ஒட்டு. அதன்மேல் பால் பாக்கெட் உறை சுற்றியிருக்கிறது. வெட்டும்போது தூசி பறக்காமலிருக்க ஊற்றும் தண்ணீர் தரையில் ஓடி அந்த ஒட்டை நனைக்கிறது. தலையில் கலவைச் சட்டியோடு ஒரு பெண் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்.

இந்தப் பெண்ணுக்கு நாளைக்கே உலகின் மிகச் சிறந்த வகுப்பை நடத்துங்கள். அவர் கண்ணில் எல்லாம் படும். “மேஸ்திரி, ஒயர்ல தண்ணி போகுது” என்பார். “நேத்தும் இப்படித்தாம்மா ஓடுச்சு, நீ கலவையைக் கொண்டா” என்று பதில் வரும். அதற்கு மேல் பேசினால் மறுநாள் அவரைக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்துகொண்டதால் அவருக்குக் கூடியது பயம் மட்டும்தான். தீக்குச்சியைப் பிடுங்கவும், புதிய டாப் வாங்க இருநூறு ரூபாய்க்குள் செலவழிக்கவும், அதுவரை மிஷினை நிறுத்தவும் அதிகாரம் இருப்பது மேஸ்திரிக்கு. அவருக்கு மேலே கான்டிராக்டருக்கு. எல்லாருக்கும் மேலே வீட்டுக்காரருக்கு. இந்த மூவரில் ஒருவர்கூட எந்த மின் பாதுகாப்பு வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. இந்தப் பயிற்சி மீது என் முதல் குற்றச்சாட்டு இதுதான். பாடத்தில் இருக்கும் பிழைகளை ஒரு பகலில் திருத்திவிடலாம். உட்காரவைத்த ஆளே தவறு என்றால் எந்தப் பாடமும் பயன்படாது.

பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டு மின்சாரப் பணி விதிகளில் பதினாறாவது விதி இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆபத்தைத் தவிர்க்கத் தொழில்நுட்ப அறிவு வேண்டிய வேலையில், அந்த அறிவு உள்ளவரையோ, தக்க மேற்பார்வையின் கீழ் இருப்பவரையோ தவிர யாரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அது. செய்பவருக்குத் தெரியாவிட்டால் மேலே நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வேலையிடத்தில் கீழே இருப்பவருக்குப் பத்து நிமிடம் தெரியும், மேலே நிற்பவருக்கு அதுவும் தெரியாது.

ஆனால் வகுப்பை இதோடு தள்ளிவிட முடியாது. கருவி எதுவும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது: தலைக்கு மேலே போகும் உயர் அழுத்தக் கம்பி. ஆர்.சி.டி. வீட்டுப் போர்டில் இருக்கிறது. தெருவில் போகும் பதினோராயிரம் வோல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தெருவைக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர். முதல் மாடித் தளத்தில் நிற்பவர், கீழிருந்து நிமிர்த்தித் தரும் கம்பியை வாங்கி இழுக்கும்போது அதன் நுனி எங்கே அலையும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்துக்கும் 11 கிலோவோல்ட் கம்பிக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. அது கட்டடத்தின் அளவு. கையில் கம்பியோடு திரும்பும் மனிதரின் அளவு இல்லை.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையில் உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் யாரும் மின்சார வேலை செய்துகொண்டிருக்கவில்லை. உயரமான ஒரு பொருளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. இங்கே அறிவுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, தவிர்க்க நேரமும் இருக்கிறது. நிமிர்ந்து பார், நீளத்தைக் கணக்கிடு, பத்தடிக்குள் எதையும் கொண்டுபோகாதே. அமெரிக்க விதி தகுதியற்ற தொழிலாளிக்குச் சொல்லும் தூரமும் 50 கிலோவோல்ட் வரை அந்தப் பத்தடிதான். இப்படி ஒரே ஓர் எண்ணைச் சொல்லும் வகுப்பு, பத்து எண்களைச் சொல்லும் வகுப்பைவிட மேல். நெருங்கித்தான் ஆகவேண்டும் என்றால் லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஈ.பி. ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அவசரத்துக்கு மின்னகம் 94987 94987. அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டியவர் யார்? மறுபடியும் மேஸ்திரி, மறுபடியும் வீட்டுக்காரர்.

பாடத்துக்குள் இருக்கும் தவறுகளையும் பார்க்க வேண்டும். சில வெறும் வீண். சில ஆளைக் கொல்லக்கூடியவை.

ஒயர் நிறம் வீண் வகை. சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். கடையில் எந்த நிறம் இருந்ததோ அந்த நிறத்தில் இழுத்த ஒயர்கள்தான் வேலையிடத்தில் கிடக்கின்றன. பச்சையை எர்த் என்று நம்பித் தொடுபவர், நிறம் தெரியாதவரைவிட ஆபத்தில் இருக்கிறார். டெஸ்டரும் அப்படியே. வெயிலில் அதன் நியான் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பலகைமேல் ஏறி நின்றால் சரியாக எரியவும் செய்யாது. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், எரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்லாமல் டெஸ்டர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, வேலை தெரியாதவரை எலக்ட்ரீஷியன் ஆக்கி அனுப்புவதுதான். தகுதியில்லாதவருக்கான பயிற்சி, தொடாமலிருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எப்படித் தொடுவது என்று அரைகுறையாகக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

கொல்லக்கூடியது, காய்ந்த குச்சி. “ஷாக் அடித்தவரைக் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள்” என்று எல்லாப் படத்திலும் இருக்கிறது. 230 வோல்ட்டில், சுவிட்ச் எட்டாதபோது, அது சரி. பதினோராயிரம் வோல்ட் கம்பி அறுந்து விழுந்த இடத்துக்கு அதே கட்டையோடு ஓடினால் இன்னொரு பிணம் விழும். அங்கே கட்டையும் காக்காது, ரப்பர் செருப்பும் காக்காது. கம்பி கிடக்கும் ஈர நிலத்தில் அகலக் கால் வைத்து நடந்தாலே இரண்டு பாதங்களுக்கு இடையே மின்சாரம் பாயும். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போடும் வகுப்பு, தப்பான தைரியத்தைக் கொடுத்து அனுப்புகிறது.

மீட்ட பிறகு செய்வதில் ஒரு பழைய கதை இருக்கிறது. துணைமின் நிலையங்களிலும் ஆலைகளின் பேனல் அறைகளிலும் மின் அதிர்ச்சிக்கான முதலுதவிப் படம் சட்டப்படி மாட்டியிருக்க வேண்டும். பல இடங்களில் இன்னும் தொங்குவது, ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் ஷேஃபர் முறையும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கும் சில்வெஸ்டர் முறையும் வரைந்த படம். மருத்துவம் இவற்றைக் கைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மார்பை அழுத்தும் இன்றைய முறையை 1960-இல் உலகத்துக்குச் சொன்ன ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவின் தலைவர் வில்லியம் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். லைன்மேன்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மின்சாரத் துறை பணம் கொடுத்து நடந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. மின்சாரத் துறை உலகத்துக்குக் கொடுத்த முதலுதவி, நம் மின்சார அறைச் சுவருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இங்கே வகுப்பால் பெரிய பயன் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவது படத்தைப் பார்த்து வருவதில்லை. பொம்மையின் மார்பில் கை வைத்து, மூச்சு வாங்கி, விலா உடையுமோ என்று தயங்கி, பிறகு அழுத்திப் பழக வேண்டும். 2006-இல் வெளிவந்த பர்க் குழுவினரின் தொகுப்பாய்வு, 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆளையே செய்யவைக்கும் பயிற்சி வெறும் பேச்சைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பலன் தருவதாகக் கண்டது. மெயின் ஸ்விட்சும் அப்படித்தான். “முதலில் மெயினை அணையுங்கள்” என்று படம் சொல்கிறது. மெயின் எங்கே இருக்கிறது, அந்த அறை பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்பதைத் தொழிலாளியை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினால்தான் உண்டு.

பயிற்சிக்காக வாதாடுபவர்களிடம் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. கருவி பழுதாகும், ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்.சி.டி. காக்காது, கடைசியில் ஆளின் கவனம்தான் மிஞ்சும். உண்மை. ஆனால் கடைசியில் மிஞ்ச வேண்டியதை முதலில் வைத்து, அதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2012-இல் கனடாவிலிருந்து ராப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையொட்டியதே: பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு, அதனால் காயங்கள் குறைகின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நடத்தை மாறினாலும் தீக்குச்சி அங்கேயே இருந்தால் வேறென்ன முடிவு வரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாவு நடந்த பிறகு முதலில் தேடி எடுக்கப்படுவது அந்தக் கையெழுத்துப் பதிவேடு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், தமிழிலோ ஆங்கிலத்திலோ நடந்த வகுப்பில் என்ன புரிந்துகொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. “சொல்லித்தான் அனுப்பினோம், அவர்தான் கவனமில்லாமல்...” என்று பழி செத்தவர் பக்கம் சாய்கிறது. கசிந்த டிரில்லையும் கழற்றிய கருவியையும் பற்றிய கேள்விகள் அந்தப் பதிவேட்டின் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன.

ஆகவே என் தீர்ப்பு. உயர் அழுத்தக் கம்பியிலிருந்து விலகி நிற்கவும், விழுந்தவரை மீட்கவும் கற்றுக்கொடுக்கும் அளவில் இந்தப் பயிற்சி தேவை; கட்டாயம் தேவை. கைக்கருவியில் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்கும் வழியாக இது தேறவில்லை. அந்த வேலை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.யுடையது. அது இல்லாத இடத்தில் நடத்தும் வகுப்பைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வோல்ட், ஆம்பியர், நிறம், டெஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை மார்பு அழுத்தப் பழகவும் மெயின் வரை நடந்து பார்க்கவும் கொடுக்கலாம். வகுப்பில் முதல் வரிசை மேஸ்திரிக்கும் கான்டிராக்டருக்கும். தனி வீடு கட்டுபவரை, தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க வரும் நாளிலேயே ஈ.பி. ஆபீஸில் அரை மணி நேரம் உட்காரவைக்கலாம். அவரை அதற்கு வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

வகுப்பு முடிந்ததா என்று பார்க்கப் பதிவேடும் வேண்டியதில்லை. ஆர்.சி.டி.யின் முகத்தில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். தினமும் காலை வேலை தொடங்குமுன், மேஸ்திரி பக்கத்தில் நிற்க, கலவை சுமக்கும் பெண் அதை அழுத்த வேண்டும். டப்பென்று விழுந்தால் மிஷினைப் போடலாம். விழவில்லை என்றால், அல்லது அழுத்துவதற்குப் பொத்தானே இல்லை என்றால், அன்றைக்கு மிஷின் ஓடாது; கூலி மட்டும் உண்டு.